பச்சை இலைக்குத் தீட்டில்லை

பினாங்கு போய் வந்தவர்கள் எல்லாரும் அங்குள்ள மலையைப் பற்றியும், மலைமேல் ஏறும் ரயிலைப் பற்றியும் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். நானும் அவற்றைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது என் தகப்பனாரின் வாயைத்தான். அது எப்போது திறக்கும், திறந்தால் எந்தச் சாதி சனத்தின் தலையில் விடியும் என்ற கவலையில் மலையும் கடலும் எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தன.

அப்பா மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கர்ணமாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம். தனி மனிதர் யார்மீதும் அவருக்கு விரோதம் கிடையாது, மொத்தமாகத்தான். எந்த ஊரான் திருடுவான், எந்தச் சாதியான் பொய் சொல்வான், எந்த மதத்தான் நம்பவைத்துக் கழுத்தறுப்பான் என்று தலைக்குள் ஒரு பட்டா வைத்திருந்தார். அதில் எங்கள் தெருவையும், எங்கள் தெருவில் எங்கள் வீட்டையும் தவிர மற்றதெல்லாம் புறம்போக்கு.

அப்பேர்ப்பட்டவரைக் கப்பல் ஏற வைத்தவன் என் தம்பி தியாகு. பினாங்கில் ஒரு கம்பெனியில் கிராணி வேலை, நம் ஊர்க் கணக்கில் குமாஸ்தா. அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தான். பெண் பெயர் மீனாட்சி. அப்பன் காரைக்கால் பக்கத்துத் தமிழர், காலமாகிவிட்டார். அதுவரை சரி. தாய் சீனத்தி. பெரியவர் நேரில் வந்து கேட்டால்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று அந்தத் தாய் சொல்லிவிட்டாளாம். "வரேன். வந்து மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லி அவனை இழுத்துண்டு வரேன்" என்று அப்பா மூட்டை கட்டினார்.

தியாகு எனக்குத் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தான். "அண்ணே, அப்பா முடியாதுன்னு சொன்னா சொல்லட்டும், நான் பார்த்துக்கறேன். ஆனா அவங்க வீட்ல உக்காந்து அந்த வார்த்தைங்களைப் பேசிடக்கூடாது. அவங்களுக்குத் தமிழ் நல்லாத் தெரியும். ஒரு வார்த்தை தடிச்சாலும் அந்த அம்மா கதவைச் சாத்திடும், அப்புறம் மீனாட்சியே என்னை ஏறிட்டுப் பார்க்க மாட்டா. இது உன் பொறுப்பு." பள்ளிக்கூட வாத்தியார் என்றால் வாயை அடைக்கத் தெரியும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

உண்மையில் எனக்குத் தெரியும். பத்து வருஷமாக நான் கையாண்டு வந்த வித்தை அது. அப்பா ஒரு வாக்கியத்தை "இந்த..." என்று ஆரம்பித்ததும் நான் ஒரு வெற்றிலையை நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து நீட்டிவிடுவேன். வாய் நிறையச் சாறு உள்ள மனிதரால் பேச முடியாது, அண்ணாந்து பார்த்து "ங்... ங்..." என்று கை காட்டத்தான் முடியும். கால் மணி நேரத்துக்கு உலகத்தார் அனைவரும் பிழைத்துப்போவார்கள். ஆகவே பித்தளை வெற்றிலைப் பெட்டியையும், ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டையும் என் மூட்டையிலேயே வைத்துக்கொண்டேன்.

செலவைக் குறைக்க டெக்கில்தான் பயணம். ஏறினதும் அப்பா செய்த முதல் காரியம், சுண்ணாம்பைத் தொட்டு எங்கள் படுக்கையைச் சுற்றி ஒரு கோடு இழுத்தது. "இதைத் தாண்டி ஒருத்தன் கால் வெக்கப்படாது" என்றார். மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தது. கோடு கரைந்தது. யார் யார்மேல் உருண்டோம், யார் வயிற்றிலிருந்தது யார் படுக்கையில் போயிற்று என்பதையெல்லாம் சைவர்கள் படிக்கும் இடத்தில் எழுதுவது முறையல்ல.

கடல் அடங்கிய பிறகு, பக்கத்தில் இருந்த கும்பகோணத்துப் பாத்திரக்காரரிடம் அப்பா எங்கள் குலப் பெருமையை அவிழ்த்தார். "எங்க வம்சத்துல பாக்கு வாங்கினா வாங்கினதுதான். இதோ இருக்கானே, இவன் கல்யாணத்துல என்ன பண்ணினான் தெரியுமோ? நான் வெத்தலை மாத்திட்டு வந்தப்புறம் பி.ஏ. படிக்கணும்னு அழுதான். பாக்கு வாங்கியாச்சுடா, இனிமே பிரம்மா வந்தாலும் பேச்சில்லேன்னேன். கட்டிவெச்சேன். இன்னிக்கு நாலு புள்ளை." பாத்திரக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் பாத்திரக்காரருக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன்.

பினாங்கை எட்டியும் ஊருக்குள் விடவில்லை. டெக்கில் வந்தவர்களை எதிரே ஒரு தீவில் இறக்கி, நோய்நொடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்களாம். எல்லாருடைய துணியையும் வாங்கி ஒரே கொதிகலனில் போட்டு அவித்தார்கள். அப்பாவின் எட்டு முழ வேட்டி இளஞ்சிவப்பாகத் திரும்பி வந்தது. எந்தச் சாதிக்காரியின் சேலைச் சாயம் என்று விசாரிக்க அவருக்கே துணிவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் பினாங்கில் காலடி வைத்தார்.

துறைமுகத்தில் தியாகு காத்திருந்தான். காலில் விழுந்து எழுந்தவன், பேச்சை எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே என்று, "பினாங்னா மலாய்ல பாக்குன்னு அர்த்தம்ப்பா. இந்த ஊருக்கே பாக்குதான் பேரு" என்றான். அப்பா முகம் மலர்ந்தது. "பாத்தியா, நம்ம பாக்கு பேரால ஒரு ஊரையே வெச்சிருக்கான்." பாக்கு நம்முடையது என்று யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு அந்த ஊர்மேல் அவருக்கு இருந்த ஒரே மதிப்பு அதுதான்.

முதல் நாள் நகரத்தைச் சுற்றினோம். நண்பகல் வெயிலில் ஒரு மரத்தடியில் மலாய்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "சோம்பேறிப் பசங்க" என்று அப்பா தீர்ப்பு எழுதினார். ஓய்வு பெற்ற ஐந்து வருஷமாக அவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தது சாப்பாட்டுக்கு மட்டும்தான். அது ஓய்வு, இது சோம்பல். இருமல் வந்தபோது மடியிலிருந்து சீனாக்கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சீனன் தொட்டது எதுவும் எனக்கு ஆகாது என்றார். நான் ஒரு வெற்றிலை மடித்தேன்.

சாயங்காலம் அவர் தியாகுவின் அறையில் பூசையில் இருக்கும்போது நான் மெல்ல நழுவினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஓரமாக ஒருவர் தோள் கம்பில் இரண்டு கூடை தொங்க, சோறும் குழம்புமாக உட்கார்ந்திருந்தார். நாசி கண்டார் என்று பெயர். கம்பில் தூக்கி வரும் சோறு. சைவம் என் தகப்பனாருடையது, நாக்கு என்னுடையது. வெண்டைக்காய்க் குழம்பு மட்டும் போடச் சொன்னேன். பக்கத்து மீன் குழம்பு கொஞ்சம் சிந்தியிருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இரண்டாவது கவளத்தில் தலைக்குமேல் அப்பாவின் குரல். என்னைத் தேடிக்கொண்டு தியாகுவோடு வந்துவிட்டார். நல்ல வேளை, இலையைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் தமிழைத்தான் கேட்டார். "அட! துலுக்கனா இருந்தாலும் என்ன சுத்தமா தமிழ் பேசறான் பாருடா" என்று அவர் காதில் விழவே பாராட்டினார்.

"நான் நாகூர்க்காரன் அண்ணே" என்றார் அவர், குழம்பைக் கிளறியபடி. "தமிழ் என்ன, கப்பல்ல ஏத்தினா கரைஞ்சு போற சரக்கா?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். என் எச்சிற்கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை மடிக்க அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பாசாரில், அதாவது சந்தையில், வேறொன்று நடந்தது. அப்பா ஒரு ரம்புத்தானை அமுக்கிப் பார்த்து, இன்னொன்றை அமுக்கி, பத்துப் பழத்தை அமுக்கி ஒன்றும் வாங்காமல் வைத்தார். கடைக்காரி கையை ஆட்டி என்னமோ கத்தினாள். அதில் "கிளிங்" என்ற சொல் இரண்டு முறை வந்தது.

"அவ என்னடா சொல்றா? கிளிங்னா?"

தியாகு தயங்கினான். "நம்ம ஆளுங்களை இங்க அப்படித்தான் சொல்றாங்கப்பா. மரியாதையான வார்த்தை இல்லை."

"நம்ம ஆளுங்கன்னா யாரு?"

"தமிழ்நாட்டுப் பக்கத்திலேர்ந்து வந்த எல்லாரும்தான்."

அப்பா நடு வழியில் நின்றுவிட்டார். "எல்லாரையுமா? கர்ணம், கூலி, துலுக்கன், எல்லாரையும் ஒரே வார்த்தையிலயா? இவன் யாரு, எப்பேர்ப்பட்டவன்னு ஒருத்தன் ஆராய வேண்டாமா? ஒரு கும்பலை அப்படியே ஒரு பேர்ல அடைச்சுட்டா அது என்ன நியாயம்?" என்றார். நிஜமாகவே மனம் புண்பட்டுப்போனார்.

தியாகு என்னைப் பார்த்தான். அப்பாவே கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். நான் நுழைந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கை பெட்டியைத் திறந்து வெற்றிலையை எடுத்தது. பழக்கதோஷம்.

மூன்றாம் நாள் பெண் வீட்டுக்குப் புறப்பட்டோம். அப்பாவை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றி, வெற்றிலைப் பெட்டியை அவர் மடியில் வைத்து, நானும் தியாகுவும் பின்னால் இன்னொன்றில் வந்தோம். வண்டி இழுப்பவர் சீனராச்சே, சீனன் தொட்டது ஆகாதே என்று நான் ஆரம்பித்ததற்கு, "அவன் வண்டியைத்தானே தொடறான், என்னையா தொடறான்?" என்று சாஸ்திரம் சொன்னார்.

டிராம் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அப்பா எச்சில் துப்புவதற்காக இடது பக்கம் சாய்ந்தார். அதே சமயம் இடது சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கியது. வண்டி குடை சாய்ந்து, அப்பாவும் பெட்டியும் சாக்கடையில். இழுத்து வந்த சீனர் பாய்ந்து இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து, குழந்தையைத் தூக்குகிறாற்போல் தூக்கி நிறுத்தினார். தன் தோள் துண்டால் அப்பாவின் முகத்தையே துடைத்துவிட்டார். முழங்காலைத் தடவி எலும்பு பார்த்தார். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு பஞ்சாட்சரம் சொன்னார்.

அப்பாவுக்கு அடி ஒன்றுமில்லை. பெட்டிதான் போயிற்று. வெற்றிலையெல்லாம் சாக்கடையில் மிதந்து போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வழியில் கடை உண்டா என்றேன். "அண்ணே, வீடே வந்துடுச்சு" என்றான் தியாகு.

பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி, மலாய் பேசி, சாரோங் கட்டும் சீனக் குடும்பத்துப் பெண்களை நோன்யா என்கிறார்கள். பெண்ணின் தாயார் அப்படி ஒரு நோன்யா. அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்குக் கிம் அக்கா. வாசலில் ஓடு பதித்த தரை பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு பக்கம் அவர்கள் முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி. இன்னொரு பக்கம் முருகன் படமும், விபூதி இட்ட ஒரு தமிழரின் புகைப்படமும். காரைக்கால்காரர்.

"வாங்க ஐயா, உக்காருங்க. ஐயோ, என்னா இது, துணியெல்லாம் சகதி! மீனாட்சி, தண்ணி கொண்டா லா!"

"தண்ணி வேண்டாம்" என்றார் அப்பா.

காப்பி? வேண்டாம். பலகாரம், சைவம்தான், தேங்காய்ப்பாலும் அரிசியும்? வேண்டாம். ஒவ்வொரு வேண்டாமுக்கும் அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. மீனாட்சி கதவோரம் நின்றாள். சந்தனப்பொட்டு, பின்னல், சின்னக் கண்கள். தியாகுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். வாய் காலி. மூன்று நாள் சேர்த்துவைத்தது, சாக்கடையில் விழுந்தது, எல்லாம் சேர்ந்து கிளம்பி வருவது எனக்குத் தெரிந்தது. "இதோ பாரும்மா. நான் பட்டுன்னு பேசறவன். இந்த..."

என் கை, இல்லாத பெட்டியைத் துழாவியது. அந்தக் கணத்தில் கிம் அக்கா பக்கத்து மேசையிலிருந்த சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்றைத் திறந்து, தட்டில் இரண்டு வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து, இரண்டு கையாலும் அப்பா முன் நீட்டினாள். ஆகா, முருகா! தெய்வம் நேரில் வந்ததுபோல் இருந்தது எனக்கு.

"வாங்கிக்குங்கப்பா" என்றேன்.

அப்பாவின் கண் வெற்றிலையில் நிலைத்தது. வாயிலிருந்த கடைசி வெற்றிலையும் சாக்கடையோடு போயிருந்தது. "இவ கையாலயா?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

"பச்சை இலைக்குத் தீட்டில்லைன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?"

"சுண்ணாம்புல தண்ணி கலந்திருக்குமே."

"சூளையில வெந்த கல்லுப்பா. அக்கினி பட்டதுக்குத் தீட்டு ஏது?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் நான், பி.ஏ.வே படிக்கவிடவில்லை. அப்பா எடுத்தார். போட்டுக்கொண்டார். மென்றார். முகத்தில் அமைதி பரவியது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தால் தியாகு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். கிம் அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. மகளைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள். மீனாட்சி வந்து, இளஞ்சிவப்பு வேட்டியின் கீழே தெரிந்த சகதிக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ரொம்ப சந்தோசம், சம்பந்தி" என்றாள் கிம் அக்கா.

"ங்? ங்ங்?" என்றார் அப்பா, அண்ணாந்தபடி.

"இங்க பொண்ணு கேக்கறதுக்குப் பேரே பாக்கு கேக்கறதுதான், ஐயா. மெமீனாங். பெட்டியத் திறந்து வெப்போம். இஷ்டம் இல்லேன்னா தொட மாட்டாங்க. எதுவும் சாப்பிட மாட்டேன்னீங்களா, எனக்கு மனசு விட்டுப்போச்சு. இதையும் தள்ளிட்டா எந்திரிச்சு உள்ள போயிரலாம்னுதான் நீட்டினேன். நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மீனாட்சி எச்சில் படிக்கத்தை நகர்த்தி வைத்தாள். அப்பா துப்பினார். முதல் சாறு நஞ்சு என்று எப்போதும் துப்புவார். மிச்சம் கன்னத்தில் இருந்தது. "எனக்குத் தெரியாதும்மா! இது உங்க வழக்கம். நம்மளதில்லே."

"உங்க ஊர்லயும் இதானே வழக்கம்? எங்க வீட்டுக்காரரு எங்க அப்பாகிட்ட வெத்தலை மாத்திதானே என்னைக் கட்டினாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வழக்கம்னு அப்ப அவருக்கு அவ்வளவு சந்தோசம்." அவள் புகைப்படத்தைப் பார்த்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சொல்லுடா! நீதானே எடுக்கச் சொன்னே? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

கொழுக்கட்டைதான் இருந்தது, பத்து வருஷமாக. தியாகு கையைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தான். எனக்குப் பேச வந்தது ஒரே வாக்கியம், அதுவும் அப்பாவுடையது. "பாக்கு வாங்கியாச்சுப்பா. இனிமே பிரம்மா வந்தாலும் பேச்சில்லை."

அப்பா படிக்கத்தைப் பார்த்தார். மீனாட்சியைப் பார்த்தார். கன்னத்திலிருந்ததை மெல்ல இன்னொரு பக்கம் தள்ளி, மென்று, விழுங்கினார்.

"சுண்ணாம்பு போதலை" என்றார்.

கல்யாணம் இரண்டு வாரத்தில் மாரியம்மன் கோயிலில் நடந்தது. சமையல் சைவம். அப்பா எல்லாவற்றுக்கும் குறை சொல்லி, எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார்.

புறப்படுவதற்கு முன்தினம் மீனாட்சி எனக்குக் காப்பி கொடுத்தாள். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது எனக்கு. சுண்ணாம்புக் கோட்டிலிருந்து கிளிங் வரை, எங்கெங்கே வெற்றிலை மடித்து அப்பாவின் வாயை அடைத்தேன் என்று எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னேன். தியாகு விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் நன்றாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள், வம்புக்கு அல்ல, தெரிந்துகொள்ளத்தான்:

"பெரியத்தான், அப்ப அவரு சொன்னது தப்புன்னு நீங்க ஒரு தடவகூட அவருகிட்ட சொன்னதில்லையா?"

காப்பி நன்றாக இருக்கிறது என்றேன். வெட்கமாக இருந்தது.

கப்பல் கிளம்பியது. மறுபடியும் டெக். கிம் அக்கா கொடுத்த அரக்குப் பெட்டி என் பக்கத்தில் இருந்தது. இந்த முறை அப்பா கோடு போடவில்லை. போட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்தானே. பக்கத்துப் படுக்கைத் தஞ்சாவூர்க்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நம்ம சம்பந்தி வீடு சீனாக்காரங்கதான். ஆனா மத்த சீனனுங்க மாதிரி இல்லே, கேட்டேளா? மகா யோக்கியம். மத்தவனுங்க இருக்கானுங்களே, அந்தச் சாதியே..."

அவரை முகம் துடைத்து நிறுத்திய ரிக்‌ஷாக்காரர் என் கண்முன் வந்தார். அதற்குள் என் கை பெட்டியைத் திறந்து இலையை எடுத்து, நரம்புகூடக் கிள்ளிவிட்டது. திரும்ப உள்ளே வைத்தேன்.

"அப்பா, நீங்க இப்ப சொல்றது தப்பு" என்றேன்.

தஞ்சாவூர்க்காரர் கடலைப் பார்க்க ஆரம்பித்தார். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலைக்குக் கையை நீட்டினார்.

நான் பெட்டியை மூடி என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். "பேசி முடிச்சப்புறம் தரேன்ப்பா."

நாகப்பட்டினம் போய்ச்சேர இன்னும் ஆறு நாள் இருந்தது.